ரீ-லீவு

அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுபவருக்குப் பதினேழு வருஷ சர்வீஸ். தினமும் மேலே போயும் இன்னும் தரைத்தளத்திலேயே இருப்பவன் நான் ஒருத்தன்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் இங்கிலீஷ் கற்றுக்கொண்டது அங்கேதான். ஏறுகிறவர்கள் எல்லோரும் ஃபோனில் இங்கிலீஷ் பேசிக்கொண்டேதான் ஏறுவார்கள். அவர் முதுகைக் காட்டியபடி பட்டனை அழுத்துவார், காது மட்டும் பின்னால் இருக்கும். இதில் ஒரே ஒரு சங்கடம். வாக்கியம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து இறங்கவேண்டிய மாடி வந்துவிடும். 'ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில்' என்று நாலாம் மாடிக்காரர் கம்பீரமாக ஆரம்பிப்பார். கதவு திறக்கும். மெயிலில் என்ன இருந்தது என்பது அவரோடு வராந்தாவில் போய்விடும். இப்படிப் பதினேழு வருஷமாகச் சேர்த்த இங்கிலீஷுக்குத் தலை உண்டு, வால் கிடையாது.

மனைவி வீட்டில் இந்த ரகசியம் யாருக்கும் தெரியாது. அங்கே அவர் பெயர் டிக்‌ஷனரி மாப்பிள்ளை. மாமனார் மாத்திரை அட்டையை நீட்டுவார், சித்தப்பா வாஷிங் மெஷினோடு வந்த புத்தகத்தை நீட்டுவார். இவர் கண்ணாடியை மாட்டி முதல் வரியை ஓங்கிப் படிப்பார். மீதியை உலக அனுபவத்தை வைத்து ஒப்பேற்றிவிடுவார். அன்றுவரை மாமனாரும் திடமாக இருந்தார், வாஷிங் மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது.

மனைவிக்கு இதில் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை. "எங்க வீட்டுக்காரர் இங்கிலீஷ் தெரிஞ்சவர்" என்று சொல்லும்போது அவள் குரல் ஒரு பிடி உயரும். வேறு எதற்கும் உயராத குரல். அந்த ஒரு பிடி உயரத்துக்காகத்தான் மனுஷன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லாமல் இருந்தார். அதை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. வீட்டுக்கு வீடு இப்படி ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

அவளுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணி அறையில் தையல் வேலை. பதினொரு வருஷம். கிழிந்த பெட்ஷீட், பட்டன் போன கவுன், வாய் பிளந்த தலையணை உறை எல்லாம் அவள் மேஜைக்கு வரும். துணியை வாங்கி விரலால் ஒரு தடவு தடவினால், அடுத்து எங்கே நூல் விடப்போகிறது என்று சொல்லிவிடுவாள். ஜன்னலோரம் அவள் மெஷின். மிதி பலகையில் அவள் பெருவிரல் படுகிற இடம் மட்டும் வழுவழு என்று தேய்ந்திருக்கும். வேறு யாராவது அந்த மெஷினில் உட்கார்ந்தால் நூல் அறுந்துபோகும் என்று துணி அறையில் ஒரு பேச்சு உண்டு.

இப்படி இருக்கையில் வெளியூரிலிருந்து தங்கையின் ஃபோன் வந்தது. முப்பத்தெட்டு வயதில், பன்னிரண்டு வருஷம் காத்திருந்து உண்டான கர்ப்பம், பிரசவ நாள் நெருங்கிவிட்டது. புருஷன் கப்பலில் வேலை, அவன் கரைக்கு வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அம்மா போய்ச் சேர்ந்து நாளாயிற்று. "எனக்குப் பயமா இருக்குக்கா. நீ எதுவும் செய்ய வேணாம். சும்மா பக்கத்துல உட்காந்திரு, போதும்" என்றாள் தங்கை. அக்கா ஃபோனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு நிமிஷம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

சிக்கல் என்னவென்றால், போன மாதம்தான் அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு நாலு நாள் லீவு எடுத்திருந்தாள். துணி அறையைப் பார்த்துக்கொள்ளும் பெரியக்கா இருந்தால் வாயால் சொல்லியே சமாளித்திருப்பாள். பெரியக்காவோ அந்த வாரம் முழங்கால் வலியென்று வீட்டோடு படுத்துவிட்டாள். நேராக ஆபீஸுக்கு எழுதித்தான் கேட்கவேண்டும், அதுவும் இங்கிலீஷில்.

"மறுபடியும் லீவான்னு மூஞ்சியைச் சுளிப்பாங்க. நீங்கதான் அவங்க மறுத்துப் பேசமுடியாத மாதிரி நல்லா ஒண்ணு எழுதித் தரணும்" என்றாள்.

"விடு, எழுதிட்டாப் போச்சு" என்றார் டிக்‌ஷனரி மாப்பிள்ளை.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, வெள்ளைத் தாளைப் போட்டு உட்கார்ந்தார். அவள் எதிரே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் இவருக்குச் சாதாரண வார்த்தை எதுவும் வராது. 'லீவ்' என்று எழுதப் போன கை நின்றது. முதல் லீவுக்கு லீவ் சரி. இது இரண்டாவது லீவு. மறுபடி வைக்கிற பரீட்சை ரீ-டெஸ்ட். மறுபடி போடுகிற காசு ரீ-சார்ஜ். மறுபடி கேட்கிற லீவு?

ரீ-லீவ்.

வார்த்தை வந்து விழுந்ததும் அவருக்கே உடம்பு சிலிர்த்தது. நாலாம் மாடியிலோ ஒன்பதாம் மாடியிலோ யாரோ 'ரிலீவ்' என்று சொல்லிக் கேட்ட ஞாபகமும் வந்து சேர்ந்துகொண்டது. இருந்தாலும் மனுஷன் பொறுப்பானவர். அலமாரியிலிருந்து உள்ளங்கை அகல டிக்‌ஷனரியை எடுத்துத் தேடினார். லீவில் உள்ள எழுத்துகள் அப்படியே வரவில்லை, நடுவில் ஒரு 'ஐ' நுழைந்து, ஒரு 'ஏ' காணாமல் போயிருந்தது. தமிழில் இரண்டு சொல் சேர்ந்தால் ஒரு எழுத்து வருவதும் ஒரு எழுத்து போவதும் இல்லையா, இங்கிலீஷிலும் புணர்ச்சி விதி இருக்கும்போல என்று சமாதானமானார். வார்த்தை இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது, மூடிவிட்டார். அர்த்தம் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருந்தது. இன்னும் அரை அங்குலம் கண்ணை நகர்த்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பத்தாம் தேதியிலிருந்து என்னை ரிலீவ் செய்யும்படிப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன், குடும்பக் காரணம். இதுதான் கடிதம். அவள் அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

எட்டாம் தேதியே பதில் வந்துவிட்டது. அவள் கவரைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினாள். இவர் படித்தார், முகம் மலர்ந்தது.

"குடுத்துட்டாங்க! நீ கேட்டபடியே பத்தாம் தேதியிலேர்ந்து ரிலீவ்னு போட்டிருக்கு."

"எத்தனை நாளைக்குன்னு போடலியா?"

"போடல. அதான் பெருந்தன்மைங்கறது. போயிட்டு நிதானமா வான்னு அர்த்தம்."

"இன்னும் ஒரு வரி இருக்கே?"

"இது... ஆல் த பெஸ்ட். தங்கச்சிக்குப் பிரசவம் நல்லபடியா நடக்கணும்னு வாழ்த்தியிருக்காங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு நல்லவங்க, பாருங்க" என்றாள். இவரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார். இரண்டு பேரும் அன்று ஆஸ்பத்திரி ஆபீஸை அவ்வளவு புகழ்ந்தார்கள்.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி எடுத்து முடிகிறவரை அக்காவின் மணிக்கட்டைத்தான் பிடித்திருந்தாளாம். அங்கே நகம் பதிந்த தடம் ஊருக்குத் திரும்பியும் மறையவில்லை. அந்தத் தடத்தோடுதான் இருபத்திமூன்றாம் தேதி காலை வேலைக்குக் கிளம்பினாள்.

பதினொரு மணி இருக்கும். லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தபோது வெளியே அவள் நின்றாள். பதினேழு வருஷத்தில் அவள் அந்தக் கட்டடத்துக்கு வந்ததே இல்லை. கையில் இரண்டு தாள்கள், இவர் எழுதிய கடிதத்தின் நகலும் ஆபீஸின் பதிலும். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது.

"என்னை உள்ள விடமாட்டேங்கறாங்க. என் கார்டு வேலை செய்யல. துணி அறையில என் மெஷின்ல இஸ்திரி போடற பொண்ணை உட்கார வெச்சிருக்காங்க. நான் வேலையை விட்டுட்டேனாம். நானே எழுதிக் குடுத்தேனாம்!"

இவர் அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்தார். "யாரு சொன்னா?"

"ஆபீஸ்ல இருக்கற கிளார்க்கு. லெட்டர்ல தப்பா எழுதிட்டோம்னு எழுதிக் குடுத்தா நாளைக்குள்ள வாபஸ் வாங்கிக்கலாமாம், பதினஞ்சு நாள் கணக்காம். நான் ஏன் அப்படி எழுதணும்? நாலு பேர் முன்னால நல்லா கேட்டுட்டு வந்தேன். எங்க வீட்டுக்காரர் இங்கிலீஷ் தெரிஞ்சவர், அவர் எழுதினா தப்பு வராது, நீங்கதான் ஏதோ தில்லுமுல்லு பண்றீங்கன்னு. நாளைக்கு யூனியன் தலைவரைக் கூட்டிக்கிட்டுப் போய் உண்டு இல்லைன்னு பண்ணப்போறேன்."

அந்த ஒரு பிடி உயர்ந்த குரல். அதைக் கேட்டு முதல் தடவையாக அவருக்குப் பயமாக இருந்தது.

"அந்த பெஞ்சில உட்காரு. இதோ வந்துடறேன்" என்றார். அதற்குள் ஒன்பதாம் மாடி மேடம் ஏறிவிட்டாள். கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஆபீஸில் வேலை செய்கிற பெண். இவர் பட்டனை அழுத்தினார். ஐந்தாம் மாடியில் தொண்டையைச் செருமினார்.

"மேடம், இந்த ரிலீவ்னு சொல்றாங்களே..."

"யாரை ரிலீவ் பண்றாங்க அண்ணா?"

"சும்மா. அர்த்தம் தெரிஞ்சுக்கலாம்னு."

ஒன்பதாம் மாடி வந்து கதவு திறந்தது. அவர் கையை வைத்துக் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டார். மேடமும் நின்று, பொறுமையாகச் சொன்னாள். "வேலையிலேர்ந்து விடுவிக்கறதுண்ணா. வேலையை விட்டுப் போறவங்களுக்குக் கடைசி நாள்ல குடுப்போமே, ரிலீவிங் லெட்டர். அதோட கணக்கு முடிஞ்சுது, இனிமே அவங்க நம்ம ஆளு இல்லைன்னு அர்த்தம்."

"மறுபடி லீவு கேக்கறதுக்கு..."

"அதுக்கு லீவுன்னே கேக்கலாமே அண்ணா" என்று சொல்லி அவள் இறங்கிப் போனாள்.

பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வாக்கியம் அவருக்கு முழுசாகக் கிடைத்தது. கிடைத்த வாக்கியம் இதுவாகப் போயிற்றே என்று ஒன்பது மாடியும் இறங்கும்வரை நினைத்துக்கொண்டே வந்தார். நாலாம் மாடியில் ஒரு சின்ன சாத்தான் யோசனை வந்ததையும் சொல்லிவிட வேண்டும். வாயை மூடிக்கொண்டால் அவள் ஆபீஸைத்தான் திட்டுவாள். இவர் என்றைக்கும் டிக்‌ஷனரி மாப்பிள்ளைதான். ஆனால் நாளையோடு தேதி முடியும். ஜன்னலோர மெஷின் போய்விடும். அவள் இவரை நம்புகிற நம்பிக்கையே அவள் வேலைக்கு உலை வைக்கப்போகிறது. இரண்டாம் மாடி தாண்டும்போது அந்த யோசனையைத் துப்பிவிட்டார்.

"உள்ள வா" என்று அவளை ஏற்றிக்கொண்டு பட்டனை அழுத்தினார். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் சிவப்புப் பட்டனை அழுத்தி லிஃப்டை நிறுத்தினார். பதினேழு வருஷத்தில் கரன்ட் போகாமல் அந்த லிஃப்ட் நடுவில் நின்றதே இல்லை.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நான்தான் நிறுத்தினேன்." சுவரில் இருந்த பட்டன்களைப் பார்த்தே பேசினார். "ஆபீஸ்ல தில்லுமுல்லு எதுவும் பண்ணல. தப்பு நான் எழுதினதுதான். ரிலீவ்னா லீவு இல்லையாம். வேலையை விட்டு நின்னுக்கறதாம். நான் ரெண்டாவது லீவுன்னு நினைச்சு... ரீ-லீவுன்னு..."

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. "நீங்க எழுதினதா?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா. இங்க ஏறுறவங்க பேசறதுல பாதி பாதி கேட்டதுதான். முழுசா எதுவும் தெரியாது. நீ பெருமையா சொல்லுவியா, அதைக் கேக்கறதுக்கு நல்லா இருக்கும். அதான் சொல்லாமலே இருந்துட்டேன். இத்தனை வருஷமும்."

மேலேயும் கீழேயும் மணி அடிக்க ஆரம்பித்தது. யாருக்கோ அவசரம். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அழப்போகிறாள் என்று பார்த்தார். அவள் சட்டென்று நிமிர்ந்து, "அப்ப எங்கப்பாவோட மாத்திரை?" என்றாள்.

"ஐயோ, அதை மட்டும் நான் விளையாட்டா எடுத்துக்கல. ஒவ்வொரு தடவையும் மருந்துக் கடைக்காரர்கிட்ட தனியா போய்க் கேட்டுட்டுத்தான் சொல்லுவேன். ஃபோன் வந்துச்சுன்னு வெளியில போவேனே, அது அதுக்குத்தான்."

அவள் அவரையே பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். "நாலு பேர் முன்னால அவ்வளவு பேசிட்டு வந்தேனே. அந்தக் கிளார்க்குப் பொண்ணு பாவம், வாயைத் திறக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மணி விடாமல் அடித்தது. "லிஃப்டை விடுங்க. ஜனங்க நிக்கறாங்க."

கோபமா, மன்னிப்பா என்று அந்தக் குரலை வைத்து அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. லிஃப்டை விட்டார்.

மத்தியானம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பஸ்ஸில் அவள் இவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அதையே பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு இவர் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்.

ஆபீஸில் அவள் முதலில் கிளார்க்கிடம் போய், "காலைல பேசினதுக்கு மன்னிச்சுக்கோம்மா" என்றாள். அந்தப் பெண் பதறி எழுந்து, "பரவால்லக்கா" என்று சொல்லி, நிர்வாக அதிகாரியின் அறைக்கு அவளே கூட்டிப்போனாள். அதிகாரி அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மேஜையில் பழைய கடிதம் இருந்தது.

"இது யார் எழுதினது?"

"நான்தான் மேடம்" என்றார் இவர். பிறகு ரீ-டெஸ்டிலிருந்து புணர்ச்சி விதிவரை ஒன்றுவிடாமல் சொன்னார். அதிகாரி அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு ஃபைலைப் புரட்டினாள். கதவோரம் நின்ற கிளார்க் வெளியே ஓடிவிட்டாள். சிரிக்கத்தான் என்று இவருக்கும் தெரியும். இருக்கட்டும் என்று நின்றார்.

"பெரியக்காவும் காலைலேர்ந்து மூணு தடவை ஃபோன் பண்ணிட்டாங்க. உங்க மெஷின்ல அந்தப் பொண்ணு உட்காந்தா நூல் அறுந்து அறுந்து போகுதாம். அவளும் இஸ்திரிக்கே போறேன்னு நிக்கறா. இடம் காலியாத்தான் இருக்கு" என்றாள் அதிகாரி அம்மா. "ஆனா ஃபைல்ல வைக்க எனக்கு ஒரு லெட்டர் வேணும். தப்பு நடந்துபோச்சு, வேலையை விடலைன்னு. ரெண்டு வரி, இங்கிலீஷ்ல. நான் வேணா சொல்றேன், எழுதிக்கறீங்களா?"

இவருக்கு அப்பாடா என்றிருந்தது. "சொல்லுங்க மேடம்" என்று பேனாவைத் தேடினார்.

"வேணாம் மேடம்" என்றாள் அவள். லிஃப்டில் போன அந்த ஒரு பிடி உயர்ந்த குரல் திரும்பி வந்திருந்தது. "அவரே எழுதட்டும். எப்பவும் அவர்தான் எனக்கு எழுதுவார்."

இவர் திரும்பிப் பார்த்தார். அவள் தன் பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மணிக்கட்டில் தங்கையின் நகத்தடம் தெரிந்தது.

"ஆனா இந்தத் தடவை சின்ன வார்த்தையா போடுங்க" என்றாள்.

கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் மங்கியது. துடைத்து மாட்டிக்கொண்டு எழுதினார். பெரிய வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து வாசலில் நின்றன. ஒன்றையும் உள்ளே விடவில்லை. நாலு வரி எழுத இருபது நிமிஷம் ஆயிற்று. எழுதி முடித்து அதிகாரியிடம் நீட்டப் போனவரைத் தடுத்து, "முதல்ல எனக்குப் படிச்சுக் காட்டுங்க, தமிழ்ல" என்றாள்.

படித்தார். "நான் தப்பு பண்ணினேன். என் மனைவி வேலையை விடல. அவ திரும்பி வந்துட்டா. தயவுசெஞ்சு அவளை அவ மெஷின்ல வெச்சுக்குங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேற எதுவும் இல்ல."

அதிகாரி அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். கை தானாகப் பேனாவை எடுத்தது. "இது மெஷினுக்கு உள்ளயே உங்களைப் போட்டு வைக்கச் சொல்ற மாதிரி இருக்கும்மா" என்று சிரித்தபடி 'இன்'னை அடித்து 'அட்' ஆக்கினாள். மூன்றாவது வரியில் பேனா மறுபடி நின்றது. "ரிடர்ன்ட் பேக்னு எழுதியிருக்கார். இங்க பேக் வேணாம். ரிடர்ன்னாலே திரும்பி வர்றதுதான். ரெண்டையும் சேர்த்தா, திரும்பித் திரும்பி வந்தாங்கன்னு ஆயிடும். எல்லாரும் பண்ற தப்புதான் இது."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். இந்தத் தடவையும் 'ரீ'தான் காலை வாரியிருந்தது.

அவள் கையை நீட்டி அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். துணியில் நூல் விடுகிற இடத்தைத் தொடுகிற அதே விரல்.

"அதை அடிக்காதீங்க மேடம். ஒரு தடவை போனதுக்கே நான் பட்ட பாடு போதும். ரெண்டு தடவையா திரும்பி வந்துட்டேன்னே இருக்கட்டும்."

அதிகாரி அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, முத்திரையை எடுத்தாள்.